ஆஸ்கர் அகாடமிக்கு ஒரு திறந்த மடல்: காஃப்காவை வைத்துச் சிரித்த படத்தை எங்கே போய்ப் பார்ப்பது?

அமெரிக்கத் திரைப்பட அகாடமியின் ஆட்சிக் குழுவினருக்கு வணக்கம்.

தமிழில்தான் எழுதுகிறேன். 2022இல் சூர்யாவையும் 2023இல் மணிரத்னத்தையும் 2025இல் கமல்ஹாசனையும் உறுப்பினராகச் சேரச் சொல்லி அழைத்தீர்கள். அதனால் படித்துச் சொல்ல ஆள் இல்லை என்று தட்டிக்கழிக்க முடியாது.

கேட்க வந்தது ஒன்றுதான். குறும்படங்களுக்கு வருஷம் தவறாமல் விருது கொடுக்கிறீர்கள். அவற்றை நாங்களும் பார்க்க ஒரு வழி செய்யுங்கள். பெரிய படங்கள் தியேட்டருக்கு வந்துவிடும், இல்லாவிட்டால் ஏதாவது ஓடிடியில் வந்து நிற்கும். விருது வாங்கிய குறும்படங்களில், அதுவும் பழையவற்றில், முக்கால்வாசிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பெயர் பட்டியலில் இருக்கும், படம் எங்கே என்று தேடினால் கைக்கு எட்டாது. பொதுவாகப் பேசினால் புரியாது என்பதால் ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன்.

1995 மார்ச் 27. லாஸ் ஏஞ்சலிஸ் ஷ்ரைன் அரங்கில் உங்கள் 67ஆவது விழா. அந்த வருஷம் என்றாலே எல்லாருக்கும் ‘ஃபாரஸ்ட் கம்ப்’ ஞாபகம்தான் வரும். சினிமா பைத்தியங்களுக்குக் கூடுதலாக, டேவிட் லெட்டர்மேன் விழாவைத் தொகுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வரும். அதே மேடையில் நடிகர்கள் நடிக்கும் குறும்படங்களுக்கான பிரிவில் ஒரு கூத்து நடந்தது. இரண்டு படங்கள் சமமாக வந்து நிற்க, இரண்டுக்குமே விருது கொடுத்தீர்கள். ஒன்று ‘ட்ரெவர்’. இன்னொன்று ‘ஃப்ரான்ஸ் காஃப்காவின் இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’.

இரண்டாவது படத்தை எழுதி இயக்கியவர் பீட்டர் கபால்டி, கிளாஸ்கோக்காரர். தயாரிப்பாளர் ரூத் கென்லி-லெட்ஸோடு விருதைப் பகிர்ந்துகொண்டார். பிற்பாடு ‘தி திக் ஆஃப் இட்’ தொடரில் வாயைத் திறந்தாலே வசவாகக் கொட்டும் மால்கம் டக்கராகவும், ‘டாக்டர் ஹூ’வின் பன்னிரண்டாவது டாக்டராகவும் உலகம் அறிந்த அதே ஆள்தான். அப்போது அவருக்கு வயது 36. பிபிசி ஸ்காட்லாந்தும் ஸ்காட்லாந்து திரைப்படத் தயாரிப்பு நிதியமும் 1993இல் ‘டார்டன் ஷார்ட்ஸ்’ என்று ஒரு திட்டம் தொடங்கின. அதன் முதல் ஈட்டில் வந்த படம் இது. 23 நிமிடம். பிரிட்டனின் பாஃப்டா விருதையும் வாங்கியது.

கதை நடப்பது கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. இருட்டான ஓர் அறை, மேசைக்கு முன்னால் ப்ராக் நகரத்து எழுத்தாளர் காஃப்கா. ரிச்சர்ட் ஈ. கிராண்ட் நடித்திருக்கிறார். ஒட்டிய கன்னமும் தூக்கம் கெட்ட கண்ணுமாக, பார்த்தாலே பரிதாபமும் வரும், சிரிப்பும் வரும். ‘உருமாற்றம்’ கதையின் முதல் வரியை எழுதிக்கொண்டிருக்கிறார். கிரகோர் சாம்சா ஒரு நாள் காலை கலக்கமான கனவுகளிலிருந்து கண் விழித்தபோது, படுக்கையில் தான் ஒரு பிரம்மாண்டமான… அங்கே பேனா நின்றுவிடுகிறது. பிரம்மாண்டமான என்ன? பூச்சி என்பது கதையைப் படித்த நமக்குத் தெரியும். எழுதுகிற ஆளுக்குத் தெரியவில்லை. மொத்தப் படமும் இந்த ஒரு முடிச்சின் மேல்தான் நிற்கிறது.

வாழைப்பழமாக இருக்குமோ என்று யோசிக்கிறார். யோசித்த மாத்திரத்தில் படம் அதைக் காட்டிவிடுகிறது: சாம்சாவின் கட்டிலில் ஆள் பருமனுக்கு ஒரு வாழைப்பழம். இதை ஏதோ கோமாளித்தனம் போலக் காட்டியிருந்தால் ஒரு நொடிச் சிரிப்போடு போயிருக்கும். கபால்டி அப்படிச் செய்யவில்லை. பழைய ஜெர்மானிய மௌனப் படங்களின் நிழலும் கோணலும் படம் முழுக்க இருக்கின்றன. அதே கனத்தோடு, அதே சோகத்தோடு வாழைப்பழத்தையும் காட்டுகிறார். நமக்குச் சிரிப்பு அங்கேதான் பீறிடுகிறது. ஏனென்றால் காஃப்காவும் இதைத்தான் செய்தார். நடக்கவே முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், ஆபீசுக்கு நேரமாகிவிட்டதே, ஐந்து மணி ரயிலைத் தவறவிட்டோமே என்று கதையை நகர்த்திக்கொண்டு போவார்.

கீழே வேறு யாரோ கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். ஆட்டமும் பாட்டுமாகச் சத்தம் மேலே வருகிறது. எழுத விடுவார்களா? அப்புறம் கதவு தட்டப்படுகிறது. வோலாண்ட் என்று ஒரு கத்தி வியாபாரி வந்து நிற்கிறான். கென் ஸ்டாட் நடித்த அந்த ஆளைப் பார்த்தாலே அடிவயிறு கலங்கும். காணாமல்போன தன் சிநேகிதனைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறான். சிநேகிதன் ஒரு கரப்பான்பூச்சி. பெயர் ஜிமினி. ரஷ்ய எழுத்தாளர் புல்ககோவின் நாவலில் மாஸ்கோவுக்கு வரும் சாத்தானின் பெயர் வோலாண்ட். 1940இல் வந்த டிஸ்னியின் ‘பினோக்கியோ’வில் மனசாட்சியாகக் கூடவே வரும் சில்வண்டின் பெயர் ஜிமினி. ரஷ்யச் சாத்தானையும் டிஸ்னி பூச்சியையும் காஃப்காவின் வாசற்படியில் கொண்டுவந்து நிறுத்தக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். இதெல்லாம் தெரியாமல் பார்த்தாலும் படம் நன்றாகவே ஓடும் என்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

இதற்கு மேல் கதை சொல்ல மாட்டேன். பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். பார்க்க வழியில்லாதவர்கள் என்று சொல்வதுதான் சரி.

தலைப்பையும் சொல்லிவிடுகிறேன். 1946இல் ஃப்ராங்க் கேப்ரா எடுத்த ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ உங்கள் ஊரில் கிறிஸ்துமஸ்தோறும் டிவியில் போடும் படம். வாழ்க்கை வெறுத்து ஆற்றில் குதிக்கப்போகும் ஒருவனை ஒரு தேவதை தடுத்து, ஊரே அவன் பின்னால் இருக்கிறது என்று காட்டும் கதை. கபால்டியின் மனைவி எலைன் காலின்ஸ் ஒரு முறை ஃப்ராங்க் கேப்ரா என்பதற்குப் பதிலாக ஃப்ரான்ஸ் காஃப்கா என்று வாய்தவறிச் சொல்லப்போக, அதிலிருந்து முளைத்ததுதான் படம். நம்பிக்கையின் சிகரம் ஒருவர், நம்பிக்கை என்றால் என்ன விலை என்று கேட்பவர் இன்னொருவர். இரண்டு பேரையும் ஒரே வீட்டில் குடிவைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் காஃப்கா பெயரைச் சொன்னால் இலக்கியக் கூட்டத்தில் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இருண்மை, அந்நியமாதல் என்று சொற்கள் வந்து விழும். உலகம் முழுக்கவே கிட்டத்தட்ட அப்படித்தான் போலிருக்கிறது. ஆனால் அந்த மனிதர் இப்படி இருந்தவர் இல்லை. ‘விசாரணை’ நாவலின் முதல் அத்தியாயத்தை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியபோது, சிரிப்பு தாங்காமல் இடையிடையே வாசிக்கவே முடியாமல் போனது என்று நண்பர் மாக்ஸ் பிராட் எழுதியிருக்கிறார். அந்த அத்தியாயத்தில் நாயகனைக் கைது செய்ய வருகிறார்கள், வாசிக்கிறவர் சிரிக்கிறார்! 1913 ஜனவரியில் காதலி ஃபெலிஸ் பாயருக்கு எழுதிய கடிதம் ஒன்று இன்னும் பிரமாதம். தான் வேலைபார்த்த விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தின் தலைவர் முன்னால், பதவி உயர்வுக்கு நன்றி சொல்ல நின்ற இடத்தில், அடக்க முடியாமல் சிரித்துத் தொலைத்த கதையைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். முதலில் சின்னச் சிரிப்பு, அதை இருமலாக மாற்றும் முயற்சி, அப்புறம் மானம் போகும் அளவுக்கு வெடிச்சிரிப்பு. அதைப் படித்துவிட்டு, அவரை நகைச்சுவைப் படத்தின் நாயகனாக்கியது அவமரியாதை என்று யாராவது சொன்னால் அவர் காஃப்காவைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

அந்தச் சத்த விவகாரமும் கபால்டி கையிலிருந்து போட்டதல்ல. தன் அறையில் உட்கார்ந்தால் வீட்டின் மொத்தச் சத்தத்துக்கும் அதுதான் தலைமையகம் என்று காஃப்காவே புலம்பி ஒரு பத்தி எழுதி, 1912இல் ப்ராக் பத்திரிகை ஒன்றில் அச்சிலும் விட்டிருக்கிறார். பெற்றோரும் சகோதரிகளும் இருந்த வீடு. கதவுகள் அடித்துச் சாத்தும் சத்தம்கூட அந்தப் பத்தியில் உண்டு. ‘உருமாற்றம்’ எழுதியது அதே வருஷம் நவம்பர், டிசம்பரில். நிஜத்தில் அந்தக் கதையைக் குலைத்தது கத்தி வியாபாரி அல்ல, நடுவில் வந்த ஆபீஸ் பயணம். அதனால் கதை கெட்டுப்போனது என்று கடைசிவரை அவருக்கு மனக்குறை. 1915இல் கதை புத்தகமாக வரும்போது இன்னொரு பயம் வந்தது: ஓவியர் அட்டையில் பூச்சியை வரைந்துவிடுவாரோ என்று. பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டார். பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் தெரிவதுபோலக்கூடக் காட்டக் கூடாது. அதன்படியே அட்டையில் பூச்சி இல்லை, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு நிற்கும் ஓர் ஆள்தான். இந்தக் கடிதத்தைத் தெரிந்துகொண்டு போய் அந்த வாழைப்பழத்தைப் பாருங்கள்.

இந்தப் படத்தை இரண்டு மணி நேரத்துக்கு எடுக்க முடியாது. முதல் வரி எழுத முடியாமல் தவிப்பது 23 நிமிடத்துக்கான வேடிக்கை. அதற்கு மேல் ஒரு பத்து நிமிடம் இழுத்தால், காதல் வேண்டும், அப்பாவோடு சண்டை வேண்டும், காசநோய் வேண்டும் என்று ஆகி, வழக்கமான வாழ்க்கை வரலாற்றுப் படமாகிவிடும். இரண்டு வருஷம் முன்புதான், 1991இல், ஸ்டீவன் சோடர்பெர்க் ஜெரெமி அயன்ஸை காஃப்காவாகப் போட்டு முழுநீளப் படம் எடுத்திருந்தார். அழகான படம், ஆனால் போணியாகவில்லை. மர்மம், சதி, கோட்டை என்று எவ்வளவோ சேர்க்க வேண்டியிருந்தது அவருக்கு. கபால்டிக்கு ஓர் அறையும் ஒரு மேசையும் போதுமாக இருந்தன. குறும்படம் என்பது பெரிய படம் எடுக்க வக்கில்லாதவர்கள் எடுப்பது என்ற எண்ணம் எங்கள் ஊரிலும் உண்டு, தயாரிப்பாளரிடம் காட்ட ஒரு விசிட்டிங் கார்டு என்பார்கள். இந்தப் படம் அதற்குப் பதில்.

இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குறும்படங்களுக்கு நீங்கள் விருது கொடுக்க ஆரம்பித்ததே 1932இல், ஐந்தாவது விழாவில். அப்போது நகைச்சுவைக் குறும்படத்துக்கென்று தனிப் பிரிவே வைத்திருந்தீர்கள். முதல் விருது லாரல் ஹார்டி நடித்த ‘தி மியூசிக் பாக்ஸ்’ படத்துக்கு. நீளமான படிக்கட்டில் ஒரு பியானோவை மேலே ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் கதை. ஏற்றுகிறார்கள், அது கீழே உருண்டு போகிறது, மறுபடி ஏற்றுகிறார்கள். அதுவும் அரை மணி நேரத்துக்குள் அடங்கும் வேடிக்கை. அந்தத் தனிப் பிரிவை நாலைந்து வருஷத்தில் எடுத்துவிட்டீர்கள், போகட்டும். அதன் பிறகு அந்த மேடையில் வெடித்துச் சிரிக்கவைக்கும் படம் ஜெயித்தால் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஆனால் இந்தப் பிரிவுகளை நீங்கள் நடத்தும் விதம் இருக்கிறதே! 2019இல் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒப்பனை, குறும்படம் நாலையும் விளம்பர இடைவேளையில் கொடுக்கப்போவதாக அறிவித்து, ஒளிப்பதிவாளர்களும் இயக்குநர்களும் கொதித்தெழுந்த பிறகு பின்வாங்கினீர்கள். 2022இல் எட்டுப் பிரிவுகளை நேரலை தொடங்கும் முன்பே கொடுத்து முடித்து, வெட்டிச் சுருக்கி நடுவில் செருகினீர்கள். மூன்று குறும்படப் பிரிவுகளும் அந்த எட்டில் அடக்கம். ரிஸ் அகமது தன் ‘தி லாங் குட்பை’க்காக வாங்கியது அப்படித்தான். 2023இல்தான் எல்லாம் மேடைக்குத் திரும்பின.

அந்த 2023 எங்களுக்கு மறக்காது. முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் பொம்மனும் பெள்ளியும் ரகு, அம்மு என்ற இரண்டு குட்டிகளை வளர்த்த கதையை கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்தார். ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’. ஆவணக் குறும்படத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. ஒரு வருஷம் முன்னால் நடந்திருந்தால் அதுவும் நேரலைக்கு வெளியே போயிருக்கும். அப்போதும் தயாரிப்பாளர் குனீத் மோங்கா பேச வாயெடுப்பதற்குள் இசையைப் போட்டு இறக்கிவிட்டீர்கள். அது வேறு வருத்தம். இங்கே நான் சொல்ல வருவது, அந்தப் படத்தை எங்களால் பார்க்க முடிந்தது. நெட்ஃபிளிக்ஸில் இருந்தது. அதனால் சும்மா பெயரோடு நிற்கவில்லை. தெப்பக்காட்டுக்கு ஜனங்கள் போனார்கள், பொம்மனும் பெள்ளியும் வீட்டுப் பெயர்களானார்கள். தமிழக அரசு தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களின் யானைப் பாகர்களுக்கும், காவடிகள் எனப்படும் அவர்களுடைய உதவியாளர்களுக்கும், மொத்தம் 91 பேருக்கு, ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தது. யானைப் பாகன் என்கிற தொழில் மேல் வெளிச்சம் விழுந்தது விருதால் மட்டுமல்ல, ஊர் பார்த்ததால்.

கபால்டியோடு விருதைப் பகிர்ந்த ‘ட்ரெவர்’ கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். தன்பால் ஈர்ப்புள்ள ஒரு பதிமூன்று வயதுப் பையன், டயானா ராஸ் பைத்தியம், உயிரை விடப் பார்க்கிறான். அதையும் சிரிப்போடு சொன்ன படம்தான். 1995இல் விருது வாங்கியபோது விருதோடு முடிந்தது. 1998இல் எச்பிஓ சேனல் அதை ஒளிபரப்ப முடிவுசெய்தபோதுதான், அந்தப் பையனைப் போலவே தவிக்கும் பிள்ளைகள் இதைப் பார்ப்பார்களே, அவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள் என்ற கேள்வி எடுத்தவர்களுக்கு வந்தது. தேடினால் அப்படி ஓர் உதவி எண்ணே நாட்டில் இல்லை. அதனால் தாங்களே தொடங்கினார்கள். ‘ட்ரெவர் புராஜெக்ட்’ இன்றைக்கும் இரவும் பகலும் தொலைபேசி எடுக்கிறது. படம் பீரோவிலேயே இருந்திருந்தால்?

காஃப்கா படத்தால் அப்படி யாரும் உயிர் பிழைத்திருக்க மாட்டார்கள். சிரித்திருப்பார்கள், அது போதும். நான் பார்த்தது யாரோ எப்போதோ டிவியிலிருந்து பதிவு செய்த மங்கலான ஒரு பிரதி. நிழலை வைத்தே எடுத்த படத்தில் எது நிழல், எது பிரதியின் அழுக்கு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. உங்கள் விருதை வாங்கிய படத்துக்கு இந்த கதி.

இனி நேரம் போதவில்லை, விளம்பரதாரர் விடவில்லை என்ற சாக்கும் செல்லாது. 2029இல் 101ஆவது விழாவிலிருந்து யூடியூபுக்குப் போகிறோம் என்று நீங்களே அறிவித்திருக்கிறீர்கள். உலகத்தில் போன் வைத்திருக்கிற எவரும் பார்க்கிற இடம். அங்கே உடையலங்காரமும் சிவப்புக் கம்பளமும் மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். பக்கத்திலேயே, விருது வாங்கிய குறும்படங்களுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். உங்கள் விதிப்படியே ஒரு குறும்படம் 40 நிமிடத்துக்கு மேல் போகாது. 1932இலிருந்து எல்லாவற்றையும் சேர்த்தாலும் மலைக்கிற அளவு வராது.

உரிமை உங்களிடம் இல்லை என்பீர்கள். தெரியும். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில், சிலது தொலைக்காட்சி நிறுவனங்களிடம், சிலது காலமான இயக்குநரின் வாரிசுகளிடம் இருக்கும். பாட்டு உரிமை வேறு குறுக்கே நிற்கும். தனி ஆளாக ஓர் இயக்குநர் போய் இதையெல்லாம் பேசி முடிக்க முடியாது. நீங்கள் கூப்பிட்டால் யாரும் போனை எடுக்காமல் இருக்க மாட்டார்கள். படங்களைப் பாதுகாக்க ஹாலிவுட்டில் உங்களிடம் பெரிய காப்பகமே இருக்கிறது. பாதுகாப்பதோடு நிறுத்தாமல் பார்க்கவும் கொடுங்கள் என்கிறேன். வருஷத்துக்குப் பத்துப் படம் வந்தால்கூடப் போதும். சந்தா கேட்டாலும் சரி, நியாயமான தொகை என்றால் கட்டுகிறோம். அந்தப் பணம் படம் எடுத்தவர்களுக்குப் போகட்டும்.

இன்னொன்று. ஒரு பிரிவின் போட்டியில் நிற்கும் எல்லாப் படங்களையும் பார்த்த பிறகுதான் உறுப்பினர்கள் அந்தப் பிரிவில் வாக்களிக்கலாம் என்று இப்போது விதி கொண்டுவந்திருக்கிறீர்கள். நல்ல விதி. அப்படியானால் உறுப்பினர்களுக்காக எல்லாப் படங்களையும் ஓரிடத்தில் போட்டுக் காட்டும் ஏற்பாடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்றுதானே பொருள். வாக்கெடுப்பு முடிந்ததும் அந்தக் கதவை மூடிவிடாமல், ஜெயித்த மூன்று குறும்படங்களுக்கு மட்டும் ஒரு மாதம் எங்களுக்கும் திறந்து வைத்தால் குடி முழுகிப்போகாது.

தொடங்குவதென்றால் 1995இலிருந்து தொடங்குங்கள். ஒரே விருதைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். தமிழ் சப்டைட்டில் எங்கள் பொறுப்பு. வாழைப்பழத்துக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை, மற்றதை நாங்கள் போட்டுத் தருகிறோம். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு குறும்பட ரசிகன்